21 வாட் பல்பு, மீட்டரில் 0.7 ஓம்: கணக்கு எங்கே இடிக்கிறது?

புதுச்சுற்று

வணக்கம். மின்சாரக் கணக்குகளைத் தாளில் போடுவதோடு நிறுத்தாமல் கையாலும் செய்து பார்க்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். முதல் நாளே மாட்டிக்கொண்டேன்.

வண்டி இண்டிகேட்டருக்குப் போடும் பல்பு ஒன்று இருக்கிறது. அதன் பித்தளை அடியில் 12 வோல்ட், 21 வாட் என்று பொறித்திருக்கிறார்கள். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம்: 21 ÷ 12 = 1.75 ஆம்பியர். மின்னழுத்தத்தை அந்த மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை: 12 ÷ 1.75 = 6.86 ஓம். இதுவரை எல்லாம் சரி.

பல்பை மேசையில் சும்மா வைத்து, மல்டிமீட்டரை ஓம் நிலைக்குத் திருப்பி அளந்தேன். 0.7 ஓம் என்கிறது. கணக்கில் வந்ததில் பத்தில் ஒரு பங்கு! அந்த 0.7ஐ நம்பித் திரும்பக் கணக்குப் போட்டால் 17 ஆம்பியர், 206 வாட். என்னிடம் இருப்பதோ 5 ஆம்பியர் வரை தரும் சப்ளை (வோல்டேஜை ஏற்றி இறக்கக்கூடிய மின்மூலப் பெட்டி). அதிலேயே பல்பு அழகாக எரிகிறது.

பல்பில் எழுதியிருப்பது தப்பா, மீட்டர் தப்பா, இல்லை நான் சூத்திரத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டேனா?

டெஸ்டர்கை

மீட்டர்தான். இரண்டு முனைக்கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டு வைத்தால் என்ன காட்டுகிறது, பாருங்கள்.

புதுச்சுற்று

0.2 ஓம். அதைக் கழித்தால் பல்பு 0.5 ஓம்தான். கணக்கு இன்னும் மோசமாகிறதே! 24 ஆம்பியர், 288 வாட்.

அரைவாட்

எனக்கும் இதே குழப்பம் இருந்தது. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

பழைய பட்டறை

தம்பி, மூன்றுமே தப்பில்லை. அணைந்திருக்கும் பல்பை அளந்துவிட்டு எரியும் பல்புக்குக் கணக்குப் போடுகிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது.

உள்ளே இருப்பது டங்ஸ்டன் இழை. உலோகம் சூடானால் அதன் மின்தடை ஏறும். செம்புக் கம்பிக்கும் அப்படித்தான், ஆனால் செம்புக் கம்பியை நாம் 2000 டிகிரிக்கு மேல் சூடாக்குவதில்லை. பல்பில் இழையின் வேலையே அதுதான். மீட்டர் ஓம் அளக்கும்போது அனுப்பும் கரண்ட் மிகக் கொஞ்சம். சாதாரண மீட்டர்களில் மில்லி ஆம்பியர் கணக்கில்தான் இருக்கும். அதனால் இழை சூடே ஆகாது. நீங்கள் அளந்தது குளிர்ந்த இழையின் மின்தடை, பல்பில் பொறித்திருப்பது எரியும் இழையின் திறன். இரண்டையும் ஒரே வரியில் போட்டால் எப்படி ஒத்துவரும்?

நம்பிக்கை இல்லையென்றால் ஒன்று செய்யுங்கள். சப்ளையை 1, 3, 6, 12 வோல்ட் என்று வைத்து, ஒவ்வொன்றிலும் வோல்டேஜையும் கரண்டையும் குறித்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். இங்கே எழுதுங்கள்.

கரண்ட் அளக்கும்போது மீட்டரைச் சுற்றின் நடுவில் சேர்க்க வேண்டும், பல்புக்குக் குறுக்கே வைக்கக் கூடாது. 10 ஆம்பியர் துளையில் செருகுங்கள், மில்லி ஆம்பியர் துளையில் வேண்டாம்.

டெஸ்டர்கை

கடைசிப் பத்தியை நான் வழிமொழிகிறேன். ஒரு தடவை ஆம்பியர் நிலையிலேயே விட்டுவிட்டு, பேட்டரி வோல்டேஜ் பார்க்கலாம் என்று இரண்டு முனையிலும் வைத்தேன். பட் என்று ஒரு சத்தம். ஆம்பியர் நிலையில் மீட்டர் கிட்டத்தட்ட வெறும் கம்பி மாதிரிதான், பேட்டரியை நேராகக் குறுக்கிணைத்துவிட்டேன். மீட்டருக்குள் இருந்த ஃப்யூஸ் போனது. ஃப்யூஸ் இருந்ததால் மீட்டர் பிழைத்தது.

புதுச்சுற்று

அளந்துவிட்டேன். சப்ளையின் திரையில் பார்த்த வோல்டேஜ், மீட்டரில் பார்த்த கரண்ட்:

1 வோல்ட்: 0.42 ஆம்பியர்
3 வோல்ட்: 0.79 ஆம்பியர்
6 வோல்ட்: 1.17 ஆம்பியர்
12 வோல்ட்: 1.72 ஆம்பியர்

வகுத்தால் 2.4, 3.8, 5.1, 7.0 ஓம். ஏறிக்கொண்டே போகிறது! ஆனால் 12 வோல்ட்டில் 6.86 வரவில்லை, துல்லியமாக வகுத்தால் 6.98இல் நிற்கிறது. இந்தச் சின்ன வித்தியாசத்தை விட்டுவிடலாமா?

கரும்பலகை

விட வேண்டாம். வோல்டேஜை எங்கே அளந்தீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: சப்ளையின் திரையில். சப்ளைக்கும் பல்புக்கும் நடுவே இரண்டு வயர், இரண்டு முதலைக் கிளிப், ஆம்பியர் நிலையில் ஒரு மீட்டர், ஒரு பல்பு ஹோல்டர் இருக்கின்றன. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வோல்டேஜ் விழும். இரண்டாவது மீட்டர் கிடைத்தால் பல்பின் அடியிலேயே, அதன் இரண்டு தொடுமுனைகளிலும் வைத்து வோல்டேஜைப் பாருங்கள். அந்த எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. ஜார்ஜ் சைமன் ஓம் முதலில் பரிசோதித்தபோது அவருக்கும் மின்மூலம்தான் தலைவலி. வோல்ட்டா அடுக்கு மின்கலத்தை வைத்து அளந்தார். கரண்ட் எடுக்க எடுக்க அதன் அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. 1825இல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் தவறானது. அப்புறம் இயற்பியலாளர் போகென்டார்ஃப் சொன்ன யோசனைப்படி, வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து மின்னழுத்தம் தரும் வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார். பிஸ்மத்தும் செம்பும் சேரும் ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் இன்னொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்பநிலை மாறாததால் அழுத்தமும் மாறவில்லை. அதற்குப் பிறகுதான் கணக்கு நேர்கோட்டில் வந்தது. அந்தச் சூத்திரத்தை விளக்கும் நூல் 1827இல் வந்தது. ஆகவே வோல்டேஜை எங்கே அளக்கிறோம் என்பது ஓமுக்கே பாடம் நடத்திய விஷயம்.

புதுச்சுற்று

நண்பரிடம் இன்னொரு மீட்டர் வாங்கி வந்து மறுபடியும் செய்தேன். சார் சொன்னது சரி. சப்ளை 12.0 என்று காட்டும்போது பல்பின் முனையில் 11.6தான் இருந்தது! 0.4 வோல்ட் வழியிலேயே போய்விட்டது. இந்த முறை பல்பின் முனையில் சரியாக 1, 3, 6, 12 வரும்படி சப்ளையை ஏற்றி அளந்தேன். இழை எப்படித் தெரிந்தது என்பதையும் குறித்தேன்.

1 வோல்ட், 0.47 ஆம்பியர். மின்தடை 2.13 ஓம், திறன் 0.47 வாட். விளக்கை அணைத்தால் மட்டும் மங்கிய சிவப்பு தெரிகிறது.

3 வோல்ட், 0.83 ஆம்பியர். 3.61 ஓம், 2.5 வாட். ஆரஞ்சு.

6 வோல்ட், 1.20 ஆம்பியர். 5.0 ஓம், 7.2 வாட். மஞ்சள்.

12 வோல்ட், 1.76 ஆம்பியர். 6.82 ஓம், 21.1 வாட். கண் கூசுகிறது.

21.1 வாட்! பல்பில் பொறித்ததற்கு இவ்வளவு பக்கத்தில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஏன் எதற்கு

கொண்டாட்டத்தைக் கெடுக்க வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி. வோல்டேஜ் இரட்டித்தால் கரண்டும் இரட்டிக்க வேண்டும் என்பதுதானே ஓம் விதி? 6இலிருந்து 12க்குப் போனதும் 1.20 என்பது 2.40 ஆகவில்லையே, 1.76தானே ஆனது? அப்படியானால் பல்பு ஓம் விதியை மீறுகிறது. மீறும் பொருளுக்கு அதே விதியால் மின்தடை கண்டுபிடிப்பது என்ன நியாயம்?

அரைவாட்

வகுத்தால் 6.82 ஓம் வருகிறதே. பின் எப்படி மீறுகிறது?

ஏன் எதற்கு

எந்த இரண்டு எண்ணை வகுத்தாலும் ஏதோ ஓர் எண் வரத்தான் செய்யும். அதற்குப் பெயர் விதியா?

கரும்பலகை

"ஏன் எதற்கு" கேட்பது நல்ல கேள்வி. வகுப்பில் இரண்டு விஷயங்களை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பதை மின்தடை என்கிறோம். இது வரையறை. எந்தப் பொருளுக்கும், எந்த நொடிக்கும் இப்படி வகுக்கலாம். வரையறையை யாரும் மீற முடியாது.

அந்த விகிதம், வெப்பநிலை மாறாதவரை, எத்தனை வோல்ட் கொடுத்தாலும் அதே எண்ணாகவே இருக்கும் என்பதுதான் விதி. உலோகக் கம்பிக்கு இது நன்றாகப் பொருந்தும். கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடுக்குப் பொருந்தாது. பல்பு நடுவில் நிற்கிறது. வெப்பநிலையைப் பிடித்து வைத்தால் டங்ஸ்டன் விதிக்கு அடங்கும். ஆனால் நாம் வோல்டேஜை ஏற்றும்போது வெப்பநிலையையும் சேர்த்தே ஏற்றுகிறோம். விதியின் நிபந்தனையை உடைத்தது நாம், டங்ஸ்டன் இல்லை.

ஆகவே 6.82 ஓம் என்பது "12 வோல்ட்டில் எரியும் இந்தப் பல்பின் மின்தடை". பின்னால் இருக்கும் பெயரை மட்டும் எழுதி முன்னால் இருக்கும் அடைமொழியை விட்டுவிட்டால் தகராறு வரும்.

ஏன் எதற்கு

சரி, "வரையறை வேறு, விதி வேறு" என்பதை ஏற்கிறேன். பாடப்புத்தகத்தில் இப்படிப் பிரித்துச் சொல்லியிருந்தால் பத்து வருடம் முன்பே வாயை மூடியிருப்பேன்.

அரைவாட்

நான் இழையின் வெப்பநிலையைக் கண்டுபிடித்துப் பார்த்தேன். டங்ஸ்டனுக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் மின்தடை 0.0045 பங்கு ஏறும் என்று படித்திருக்கிறேன். 6.82 ÷ 0.5 = 13.6 மடங்கு. ஒன்றைக் கழித்து 0.0045ஆல் வகுத்தால் 2800 டிகிரி. அறை வெப்பத்தையும் சேர்த்தால் 2800க்கும் மேல். சரியா?

பழைய பட்டறை

முறை சரி, விடை கொஞ்சம் அதிகம். அந்த 0.0045 அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் மட்டும் செல்லும். சூடு ஏற ஏற டங்ஸ்டனின் மின்தடை இன்னும் வேகமாக ஏறுகிறது, நேர்கோட்டில் போவதில்லை. அட்டவணை வைத்துப் பார்த்தால் 13.6 மடங்குக்கு ஏறக்குறைய 2300 டிகிரி செல்சியஸ் வரும். டங்ஸ்டன் உருகுவது 3422இல். 2800 என்றால் பல்பு பளீரென்று எரிந்து சீக்கிரமே போய்விடும்.

ஆனால் பாருங்கள், கண்ணாடிக்குள் இருக்கும் ஒரு பொருளின் வெப்பநிலையை வெறும் வோல்ட்டையும் ஆம்பியரையும் வைத்துச் சொல்லிவிட்டோம். 0.5 என்ற குளிர் மின்தடை மட்டும் எனக்கு உறுத்துகிறது. அரை ஓமை ஓம் நிலையில் அளப்பது மாவு சலிக்கும் சல்லடையில் தண்ணீர் அளப்பது மாதிரி. கடைசி இலக்கம் ஒன்று ஆடினால் இருபது சதவீதம் ஆடும்.

புதுச்சுற்று

வேறு எப்படி அளப்பது ஐயா?

பழைய பட்டறை

அதே வோல்டேஜ், கரண்ட் முறைதான். ஆனால் இழை சூடாகாத அளவு கொஞ்சமாகக் கரண்ட் விடுங்கள். பல்போடு சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில், ஒரு ரெசிஸ்டர் (மின்தடையாக்கி) போட்டு, கரண்டை அளந்து, பல்பின் குறுக்கே விழும் மில்லி வோல்ட்டைப் பாருங்கள்.

புதுச்சுற்று

100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டு 12 வோல்ட் கொடுத்தேன். மில்லி வோல்ட் பார்ப்பதற்குள் புகை வந்துவிட்டது. ரெசிஸ்டர் கருகிவிட்டது. பல்புக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல் நுனியில் சின்னக் கொப்புளம்.

டெஸ்டர்கை

வாழ்த்துகள், நீங்களும் எங்கள் கூட்டத்தில் சேர்ந்துவிட்டீர்கள்.

பழைய பட்டறை

தப்பு என்னுடையது, வாட் பார்க்கச் சொல்ல மறந்துவிட்டேன். விரலைக் குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள் முதலில்.

ரெசிஸ்டரில் எத்தனை வாட் சூடாகிறது என்று பார்ப்போம். பல்பின் அரை ஓமை விட்டுவிடலாம், கிட்டத்தட்ட 12 வோல்ட் முழுவதும் ரெசிஸ்டரில்தான் விழுகிறது. வோல்டேஜைத் தன்னாலேயே பெருக்கி மின்தடையால் வகுங்கள்: 144 ÷ 100 = 1.44 வாட். உங்களிடம் இருந்தது அரிசியை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்குமே, கால் வாட் ரெசிஸ்டர். தாங்குவதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. புகையாமல் என்ன செய்யும்?

ஓம் மதிப்பு சொல்வது எவ்வளவு கரண்ட் போகும் என்பதை மட்டும். அந்தக் கரண்டில் பிழைக்குமா என்பதை வாட் மதிப்பு சொல்கிறது. ரெசிஸ்டர் எடுக்கும்போது இரண்டையும் பார்க்க வேண்டும். கணக்கில் கால் வாட் வந்தால் நான் அரை வாட் ரெசிஸ்டர்தான் போடுவேன். எல்லையிலேயே ஓட்டினால் தொட முடியாத அளவு சுடும்.

இப்போது சப்ளையை 4 வோல்ட்டுக்கு இறக்குங்கள். 16 ÷ 100 = 0.16 வாட். கால் வாட் ரெசிஸ்டரே தாங்கும். கரண்ட் 40 மில்லி ஆம்பியர் வரும்.

புதுச்சுற்று

செய்துவிட்டேன். 39.8 மில்லி ஆம்பியர், பல்பின் முனையில் 20.1 மில்லி வோல்ட். 20.1 ÷ 39.8 = 0.505 ஓம். மேலும் கீழும் மில்லிதான், அதனால் அப்படியே வகுத்தேன், சரிதானே?

பல்பில் போகும் திறன் 0.0008 வாட்தான். சூடாக வாய்ப்பே இல்லை.

கரும்பலகை

சரிதான். மில்லியை மில்லியால் வகுத்தால் ஓம். வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் கிலோ ஓம். இதில்தான் பலர் ஆயிரம் மடங்கு தவறுகிறார்கள்.

அரைவாட்

இப்போது என் கேள்வி. திறனுக்கு மூன்று சூத்திரம் இருக்கிறது. வோல்டேஜ் × கரண்ட் ஒன்று. கரண்டின் வர்க்கம் × மின்தடை இன்னொன்று. வோல்டேஜின் வர்க்கம் ÷ மின்தடை மூன்றாவது. இரண்டாவதைப் பார்த்தால் மின்தடை கூடினால் சூடு கூடும். மூன்றாவதைப் பார்த்தால் மின்தடை கூடினால் சூடு குறையும். எது உண்மை? தேர்வில் குருட்டாம்போக்கில் எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டேன், ஆனால் புரியவில்லை.

கரும்பலகை

எது மாறாமல் இருக்கிறது என்று கேளுங்கள், விடை தானாக வரும்.

வோல்டேஜ் மாறாமல் இருந்தால், அதாவது நல்ல பேட்டரியிலோ சுவர்ப் பிளக்கிலோ நேராகச் செருகினால், மின்தடை கூடக் கூடக் கரண்ட் குறையும், திறனும் குறையும். 1000 வாட் ஹீட்டரின் மின்தடை 230 வோல்ட்டில் 52.9 ஓம். 2000 வாட் ஹீட்டருக்கு அதில் பாதி, 26.45. குறைந்த மின்தடை, அதிகச் சூடு.

கரண்ட் மாறாமல் இருந்தால், அதாவது பல பொருள்கள் ஒரே வரிசையில் சீரிஸில் இருந்தால், எல்லாவற்றிலும் ஒரே கரண்ட்தான் போகும். அங்கே அதிக மின்தடை உள்ளதுதான் அதிகம் சூடாகும். பிளக்கில் தளர்ந்த ஓர் இணைப்பு ஏன் கருகுகிறது? ஹீட்டர் இழுக்கும் கரண்ட் முழுவதும் அந்தத் தளர்ந்த இடம் வழியாகத்தான் போகிறது. அங்கே அரை ஓம் இருந்தால்கூட, 8 ஆம்பியருக்கு 8 × 8 × 0.5 = 32 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் அளவு சூடு, பிளாஸ்டிக்குக்குள்!

கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு வரும் என்பதை ஜூல் அளந்து 1841இல் வெளியிட்டார். மூன்று சூத்திரமும் ஒன்றிலிருந்து இன்னொன்றை எழுதியதுதான், தனித்தனி உண்மைகள் இல்லை.

முள்மீட்டர்

ஹீட்டர் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. ஹீட்டர் சுருளைப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குளிராக இருக்கும்போது ஓம் நிலையில் அளந்தால் 52.9க்குப் பக்கத்திலேயே காட்டும். பல்பு மாதிரி பத்து மடங்கு தள்ளாது. அது நிக்ரோம் கம்பி. சிவக்கச் சிவக்கச் சூடானாலும் மின்தடை சில சதவீதம்தான் ஏறும். ஆகவே "குளிரில் அளந்தது செல்லாது" என்று எல்லாவற்றுக்கும் சொல்லிவிடாதீர்கள். ஹீட்டர் பழுது பார்க்க நான் முதலில் செய்வதே அதுதான்.

வோல்டேஜ் இறங்கினால் ஹீட்டர் ஏன் இவ்வளவு மந்தமாகிறது என்று பலர் கேட்பார்கள். 230க்குப் பதில் 200 வந்தால் 40000 ÷ 52.9 = 756 வாட். வோல்டேஜில் 13 சதவீதம் போனதற்குச் சூட்டில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது.

புதுச்சுற்று

அதனால்தான் என் பல்பில் 6 வோல்ட்டுக்கு 7.2 வாட் வந்ததா? மின்தடை மாறாமல் இருந்தால் பாதி வோல்டேஜுக்குக் கால் பங்கு, அதாவது 5.3 வாட்தானே வந்திருக்க வேண்டும்?

முள்மீட்டர்

அதேதான். பாதி வோல்டேஜில் இழை அவ்வளவு சூடாகவில்லை, மின்தடை 6.82க்குப் பதில் 5 ஓமில் நிற்கிறது, அதனால் எதிர்பார்த்ததை விடக் கொஞ்சம் கூடுதல் கரண்ட்.

ஏன் எதற்கு

அப்போது முதலில் அவர் போட்ட 24 ஆம்பியர், 288 வாட் கணக்கு வெறும் கற்பனையா? சுவிட்ச் போடும் அந்த முதல் நொடியில் இழை குளிராகத்தானே இருக்கும்?

பழைய பட்டறை

கற்பனை இல்லை. நல்ல கார் பேட்டரியில் நேராக மாட்டினால் முதல் சில மில்லி நொடிகளுக்கு அந்த அளவை நோக்கித்தான் கரண்ட் பாயும். வயர், ஹோல்டர், பேட்டரியின் உள்தடை எல்லாம் சேர்ந்து கொஞ்சம் மட்டுப்படுத்தும். அப்புறம் இழை சூடேறி 1.76க்கு இறங்கிவிடும். பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும் நேரத்தில்தான் போகின்றன, கவனித்திருக்கிறீர்களா? இழை எங்கே மெலிந்திருக்கிறதோ அந்த இடம் முந்திக்கொண்டு சூடாகி அறுந்துவிடும். சீரிஸில் அதிக மின்தடை உள்ள இடம் அதிகம் சூடாகும் என்று மேலே சொன்னாரே, ஒரே இழைக்குள் அதே கதை.

புதுச்சுற்று தம்பியின் சப்ளை 5 ஆம்பியருக்கு மேல் விடாது. அதனால் அவர் கண்ணில் அது படவில்லை.

டெஸ்டர்கை

மின்விசிறியைப் பற்றி யாரும் பேசவில்லையே. 230 வோல்ட், 0.5 ஆம்பியர் ஓடுகிறது. பெருக்கினால் 115. ஆனால் வாட் மீட்டர் 80 என்கிறது. இதுவும் சூடான இழைக் கதைதானா?

கரும்பலகை

இல்லை, இது வேறு. மாறுதிசை மின்சாரத்தில் சுருள் இருக்கும் பொருளில் கரண்டும் வோல்டேஜும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை, கரண்ட் கொஞ்சம் பின்தங்கும். எடுத்த ஆற்றலில் ஒரு பகுதியைச் சுருள் ஒவ்வொரு சுற்றிலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே வெறுமனே பெருக்கினால் வருவது வோல்ட்-ஆம்பியர், வாட் இல்லை. 80 ÷ 115 = 0.7, இதுதான் திறன் காரணி. 230 ÷ 0.5 = 460 ஓம் என்பதையும் மின்தடை என்று எழுதாதீர்கள், அது மின்மறுப்பு, அதாவது மாறுதிசை மின்சாரத்துக்குச் சுருள் காட்டும் மொத்த எதிர்ப்பு. சுருளை ஓம் நிலையில் அளந்தால் இதைவிடக் குறைவாகத்தான் காட்டும்.

பேட்டரி, ஹீட்டர், பல்பு ஆகியவற்றோடு இந்த உரையாடலை முடித்துக்கொள்வோமே. மோட்டாருக்குத் தனி உரையாடல் வேண்டும்.

அரைவாட்

முடிக்கும் முன் ஒரு புதிர். 12 வோல்ட், 21 வாட் பல்பையும் 12 வோல்ட், 5 வாட் பல்பையும் சீரிஸில் மாட்டி 12 வோல்ட் கொடுத்தால் எது பிரகாசமாக எரியும்? என் கணக்கு: 21 வாட் பல்பு 6.86 ஓம். 5 வாட் பல்பு 144 ÷ 5 = 28.8 ஓம். மொத்தம் 35.66. கரண்ட் 0.337 ஆம்பியர். 5 வாட் பல்புக்கு 9.7 வோல்ட், 21 வாட் பல்புக்கு 2.3 வோல்ட். ஆகவே சின்ன பல்புதான் எரியும். சரியா?

ஏன் எதற்கு

எரிவது சின்னது என்பது சரி. எண்கள் சரியாக இருக்காது. நூறு பதிவாக எதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்? 6.86 என்பது 12 வோல்ட்டில் எரியும்போது. 2.3 வோல்ட் மட்டும் கிடைக்கும் பல்பு எப்படி 6.86 ஓமாக இருக்கும்?

டெஸ்டர்கை

நூறு இல்லை, முப்பது சொச்சம்.

அரைவாட்

ஐயோ, ஆமாம். அப்போது எப்படிக் கணக்கிடுவது?

பழைய பட்டறை

சூத்திரத்தால் நேராக முடியாது. புதுச்சுற்று எழுதிய அட்டவணையைப் பாருங்கள். 21 வாட் பல்பில் 1 வோல்ட்டுக்கு 0.47 ஆம்பியர். 5 வாட் பல்பு முழுதாக எரிந்தாலே 0.42தான். சீரிஸில் அதற்கு மேல் போகாது. ஆக பெரிய பல்புக்கு 1 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் கிடைக்கும், 2.3 இல்லை. மிச்சம் 11 வோல்ட்டுக்கு மேல் சின்னதுக்கு. யாராவது மாட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

புதுச்சுற்று

மாட்டிப் பார்த்தேன். மீட்டர்களை இரண்டு பல்பின் முனைகளிலும் தனித்தனியே வைத்து அளந்தேன்.

கரண்ட் 0.40 ஆம்பியர். 5 வாட் பல்பில் 11.2 வோல்ட், அதாவது 28 ஓம், 4.5 வாட். 21 வாட் பல்பில் 0.82 வோல்ட், அதாவது 2.05 ஓம், 0.33 வாட்.

1 வோல்ட்டில் எனக்குக் கிடைத்தது 2.13 ஓம். அதற்குக் கொஞ்சம் கீழே 2.05. அட்டவணையோடு ஒத்துப்போகிறது.

சின்ன பல்பு கிட்டத்தட்ட முழு வெளிச்சம். பெரியது செத்தே போய்விட்டது என்று நினைத்தேன். அறை விளக்கை அணைத்து, சின்ன பல்பை ஒரு டப்பாவால் மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணைப் பழக்கிய பிறகு பார்த்தால், உள்ளே மெல்லிய சிவப்புக் கோடு.